சாட்சிக்கு வந்த நுளம்புகள்

1948 ஐப்பசியில் கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டமொன்றின் ஏழாம் லயத்து வரிசை வீடுகளின் நுளம்புகள் பாக்கியலெட்சுமியின் இடது கையைத் தவிர வேறெதையும் கடிப்பதில்லை என்று முடிவு செய்தன. காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்த அவள், மூன்றாவதாக அழகம்மா பிறந்த பதினாறாம் நாள், தங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து கையை நீட்டி, "என் ரத்தத்த வேணுங்கிற மட்டும் குடிச்சுக்கங்க. இந்தப் புள்ளைய மட்டும் தொடாதீங்க" என்றாள். நுளம்புகள் கூரைத் தகரத்தின் கீழ் சற்றுநேரம் கலந்து பேசிவிட்டு வரிசையாக இறங்கின. அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு இது நடந்தது. "நம்ம கங்காணிகூட காலையில ஆளுங்கள நிறுத்தி இவ்வளவு ஒழுங்கா பெரட்டு எடுக்க மாட்டாரு" என்றான் கணவன் மாடசாமி. மருந்து அடிக்க வந்தவர்கள் அந்த லயத்தில் தங்களுக்கு வேலையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அழகம்மாவுக்கு ஏழு வயதானபோது பதுளையில் அவர்களுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. பிறப்புப் பத்திரத்தைக் கறையான் தின்றிருந்தது. விசாரித்த அதிகாரி குமாரசிங்கம் யாழ்ப்பாணத்தவர். பிள்ளையின் கைகால்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு மாடசாமியிடம், "ஏழு வருசம் கொஸ்லந்தவில வளர்ந்த பிள்ளையெண்டு சொல்லுறீர். ஒரு நுளம்புக்கடித் தழும்புகூட இல்லையே? இந்தியாவில வளர்ந்த பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுறீரோ?" என்றார். பிள்ளை இங்கே வளரவில்லையென்றால் மூவருக்கும் உரிமை கிடையாது.

"கொசு இவளக் கடிக்காதுங்க, ஐயா" என்றாள் பாக்கியலெட்சுமி.

"ஏன், சொந்தக்காரரோ? வாற வெள்ளிக்கிழமை சாட்சியோட வாரும்."

திரும்பும் வழியில் மாடசாமி, "நாலு கொசுவப் புடிச்சுப் புள்ள மேல விடு. பத்துத் தழும்பு போதும்" என்றான்.

"நானே பேச்சு மாறினா, நாளைக்கு அதுகளும் மாறும்" என்றாள். அன்று ஆறு மணிக்கு நுளம்புகளிடமே விஷயத்தைச் சொன்னாள்.

பதுளைக்குப் போகும் வழியில் பெரகல சந்திக்கு மேலே நுளம்பு தாங்காத குளிர். ஆகவே வெள்ளிக்கிழமை, கொழுந்து பறிக்கும்போது கட்டும் கம்பளியின் மடிப்புகளில் அவற்றை ஏற்றிக்கொண்டு, கணவனோடும் பிள்ளையோடும் பஸ்ஸில் போனாள். "என்னம்மா, கம்பளிக்குள்ள ரேடியோவா?" என்றார் கண்டக்டர் ஜௌபர். "சாட்சிங்க" என்றாள். அவர் மூன்று டிக்கட் மட்டும் கிழித்தார்.

விசாரணை அறையில் கம்பளியை உதறினாள். ஊர் மாறியதால் மற்றவர்களைக் கடிக்கலாம் என்ற உரிமையில் சில நுளம்புகள் குமாரசிங்கத்தின் கழுத்தில் இரண்டு இடமும், எழுதுவினைஞரின் காதில் ஓரிடமும் கடித்தன. அழகம்மாவுக்கு ஒரு சாண் தூரத்தில் எல்லாமே நின்று, அவளைச் சுற்றிக்கொண்டுபோய், தாயின் இடது கையில் வரிசையாக இறங்கின. குமாரசிங்கம் கழுத்தைச் சொறிந்தபடி கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தோட்டத்து நுளம்புகள் பிள்ளையைப் பிறந்தது முதல் அறிந்துள்ளன. ஏற்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

நான்கு நுளம்புகள் பதுளையிலேயே தங்கிவிட்டன. மற்றவை அதே பஸ்ஸில் திரும்பின. பிரஜாவுரிமைப் பத்திரம் 1957 ஆவணியில், மாலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் வந்தது. பாக்கியலெட்சுமி அதை வலது கையால் வாங்கினாள். இடது கையில் நுளம்புகள் இருந்தன.