சங்கிலிபூதத்தானின் கால்

ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருஷம் அது. ஆற்றங்கரை ஊர் ஒன்றின் தேரோட்டத்துக்கு என்னை அனுப்பியது வாந்திபேதியைப் பார்த்துக்கொள்ள. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற டிரஸ்ஸர் நான், பெயர் சுவிசேஷமுத்து. கையில் கொடுத்துவிட்டது பேதி மருந்தும், கிணற்றில் கலக்கிற மருந்தும், இத்தனூண்டு பஞ்சும். தேர்ச் சக்கரத்தில் ஆள் மாட்டினால் என்ன செய்வான் இவன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அலறல் கேட்டு ஓடினேன். சக்கரத்துக்குக் கட்டை போடுகிற சங்கிலிபூதத்தான் ஈரத்தில் வழுக்கி, தேருக்கு முன்னால் மல்லாந்து கிடந்தான். கெண்டைக்கால் வரை சக்கரத்துக்கு அடியில். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். நினைவு தப்பவில்லை.

"காலு மரத்துப்போச்சு, அய்யா. எப்படியும் எடுத்துருவியள்லா?"

"எடுத்துருவேன்லே. பேசாம கெட!" என்று அதட்டினேன். பயந்தால் எனக்கு அதட்டல்தான் வரும்.

"வேதக்காரன் தேருகிட்ட போகலாமா?" என்று, நான் கிறிஸ்தவன் என்பதைக் குத்திக்காட்டி யாரோ முனகினார்.

"நான் தேரைத் தொடலவே, காலைத் தொடுதேன்! பேசாம தேரைப் பின்னால இழுங்க!"

தர்மகர்த்தா குற்றாலலிங்கம் பிள்ளை கையைப் பிசைந்தார். "தேரு பின்னால போவாதுவே. போனதே கெடையாது. பின்னால வடம் மாட்ட ஒரு வளையம்கூட இல்லய்யா."

போய்ப் பார்த்தேன். நிஜந்தான். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவரைத் திட்டக்கூட வழியில்லை.

இனி ஒரே ஒரு வழிதான். முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும். அப்புறம் தடி கொடுத்துச் சக்கரத்தை நெம்பி, காலை உருவ வேண்டும். கட்டாமல் நெம்பினால், சக்கரம் அடைத்து வைத்திருக்கிற ரத்தமெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் போய்விடும். கால் போகட்டும், ஆள் பிழைப்பான்.

"கெட்டித் துணி தாங்கலே! யாராவது தாங்க!"

தேரின் முன்பலகையில் நின்றவன் சங்கிலிபூதத்தானின் அண்ணன் பிச்சைக்கண்ணு. வடம் தெரு நீளத்துக்குக் கிடந்தது. அதைப் பிடித்து நின்ற ஜனத்துக்குத் தேரடியில் நடப்பது தெரியாது, மேளச் சத்தத்தில் எதுவும் காதிலும் விழாது. பலகையில் நிற்கிறவன் வெள்ளைத் துணியை வீசினால் இழுப்பார்கள். வீசுகிற பொறுப்பு பிச்சைக்கண்ணுக்கு. தம்பி கிடக்கிற கோலத்தைப் பார்த்துப் பதறிப்போனவன், கையிலிருந்த அந்தத் துணியையே எனக்கு வீசி எறிந்தான்.

அது என் கைக்கு வந்து சேருவதற்குள் வடம் விறைத்துவிட்டது.

"நிப்பாட்டுங்க! ஐயோ, நிப்பாட்டுங்க!" என்று எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினோம். சங்கிலிபூதத்தானின் அக்குளில் கைபோட்டு ஓரமாக இழுத்தேன். உடம்பு தப்பியது. சக்கரம் முழங்காலைத் தாண்டி, தொடையில் ஏறி இறங்கிப் போயிற்று.

இப்போது துணி இருக்கிறது, கட்ட இடமில்லை. இடுப்புச் சந்தில் முஷ்டியை வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். ரத்தம் நின்றது. அந்த மட்டுக்கும் சந்தோஷம். ஆனால் கையை எடுத்தால் தொலைந்தது.

அப்படியே எங்கள் இருவரையும் சேர்த்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். பாளையங்கோட்டை டாக்டரிடம் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். அந்த ரஸ்தா இருக்கிறதே, எந்தப் பாவி போட்டானோ! ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கை வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் போயிற்று. தோள் கழன்று விழும்போல் இருந்தது. வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லலாமென்றால், கை மாற்றுகிற நேரம்கூட அவன் தாங்க மாட்டான்.

பிச்சைக்கண்ணு தம்பி தலையை மடியில் வைத்திருந்தான்.

"அண்ணே, துணி வீசுனது யாரு?" என்று சங்கிலிபூதத்தான் கேட்டான்.

பிச்சைக்கண்ணு என்னைப் பார்த்தான்.

"யாரும் வீசலலே. முன்னால நின்னவங்க அவசரப்பட்டுட்டாங்க" என்றேன்.

"அப்படியா" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வெயில் சாய்கையில் ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். அங்கே வைத்து என் முஷ்டிக்கடியில் துடித்துக்கொண்டிருந்த நாடி நின்றுவிட்டது. கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். ரத்தம் வரவில்லை. கர்த்தாவே, இவ்வளவுக்கு மேல் நான் என்ன செய்ய?

கை தளர்ந்ததைப் பிச்சைக்கண்ணு பார்த்துவிட்டான்.

"அய்யா, கையை மட்டும் எடுத்துராதிய! ரத்தம் நின்னுபோச்சு, பாருங்க. தம்பி அசந்து உறங்குதான். நான் செஞ்ச பாவத்துக்கு, நீங்க இந்தக் கையை மட்டும் எடுத்துராதிய!"

"எடுக்கலவே. புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று, செத்தவன் தொடையை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழுத்திக்கொண்டே போனேன்.