கடிக்கிற மாப்பிள்ளை

வளர்த்து விற்கிற எலிகளுக்கு ஜோடி சேர்ப்பதில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: முதலில் கை, அப்புறம்தான் நிறம். வெறும் கையைக் கூண்டுக்குள் விட்டால் கடிக்கிற எலிக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜோடி கிடையாது. வாங்குகிறவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சத்தான் வாங்குகிறார்கள், சுவரில் மாட்டி வைக்க இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். உடைத்தவர் என்னைக் கட்டிக்கொண்டவர்.

அவருக்கு நீலப் பைத்தியம். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை, ஈரச் சிமெண்ட் மாதிரி ஒரு சாம்பல். தலையும் தோளும் அந்த நிறத்தில் இருக்க வேண்டும், மற்ற உடம்பு வெள்ளையாக இருக்க வேண்டும், முதுகு நடுவே வால் வரைக்கும் ஒரே கோடு அறுபடாமல் ஓட வேண்டும். அப்படி ஓர் ஆண் குட்டி பிறந்ததும் மனிதர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெயரே மாப்பிள்ளை. தீனி வைப்பது, கூண்டு துடைப்பது எல்லாம் அவரே. "நீ ஏன் கஷ்டப்படறே? மாப்பிள்ளையை நான் பாத்துக்கறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனிதர்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டை விரலில் பிளாஸ்திரியோடு வந்து, டின் மூடி கிழித்துவிட்டது என்றபோதாவது உறைத்திருக்க வேண்டும்.

"கையை விட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பஞ்சு மாதிரி இருக்கான்."

நம்பி என் கறுப்பியைக் கொடுத்தேன். அவள் கறுப்பென்றாலும் அப்பன் வழியில் நீலம் உள்ளே ஒளிந்திருந்தது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த சாதுவான வம்சத்தில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். வயதும் ஏறிவிட்டது, இன்னொரு பிரசவம் தாங்க மாட்டாள். இந்தக் குட்டிகளிடம்தான் அவள் குணம் தங்க வேண்டும்.

நீலமும் கறுப்புமாகக் குட்டிகள் பிறந்தன. மூன்று குட்டிகளுக்கு மட்டும் முதுகுக் கோடு அங்கங்கே அறுந்து, மை சிந்தியது போல இருந்தது. அவற்றில் கறுப்பு ஒன்றுதான், கண் திறந்த நாளிலிருந்து அது என் உள்ளங்கையில் ஏறித் தூங்கும். மற்றவை மூலைக்கு ஓடின. குட்டிப் பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்றிருந்தேன்.

இன்று காலை கடைக்குப் போய் மரத்தூள் வாங்கி வந்து, குட்டிகளின் கூண்டில் பழைய தூளை மாற்றக் கையை விட்டேன். கோடு நேராக ஓடும் நீலக் குட்டி ஒன்று பாய்ந்து விரலைக் கவ்வித் தொங்கியது. உதறினால் இன்னொன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட மாப்பிள்ளையின் கூண்டைத் திறந்து அடுத்த கையை நீட்டினேன்.

"ஐயோ, கையை விடாதே!" என்று அலறினார் என் வீட்டுக்காரர்.

"அப்ப டின் மூடின்னு சொன்னது?"

தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா நீ ஜோடி சேக்க விட்டிருக்க மாட்டே."

"ஆமா, விட்டிருக்க மாட்டேன்! கடிக்கிற பயலுக்கு என் பொண்ணைக் கட்டி வச்சுட்டு, பஞ்சு மாதிரின்னு வாய் கூசாம சொன்னீங்களே!"

"நிறத்தைப் பாரேன். எத்தனை பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க..."

"நிறத்தை வச்சு நாக்கு வழிக்கவா?"

சரி, ஒன்றாவது கறுப்பி மாதிரி வந்திருக்கிறதே என்று கூண்டுக்குள் தேடினேன். காணோம்.

"அந்தக் கறுப்புக் குட்டி எங்கே?"

"கோடு அறுந்ததெல்லாம் யாருக்கு வேணும்? நீ கடைக்குப் போனப்ப பாம்புக்காரர் வந்தாரு. அந்த மூணையும் குடுத்துட்டேன்."

பாம்புக்காரர் அடுத்த தெருவில் கண்ணாடித் தொட்டியில் மலைப்பாம்பு வளர்க்கிறவர். ரத்த விரலாலேயே அவருக்குப் போன் போட்டேன்.

"அந்தக் குட்டிங்களைப் பாம்புக்குப் போட்டுடாதீங்க. நான் இப்பவே வந்து வாங்கிக்கறேன்."

"ரெண்டு இருக்குதுங்க, எடுத்துக்கோங்க. ரெண்டும் கையை வச்சாலே கடிக்குது, பிடிக்கவே முடியல. கறுப்பு ஒண்ணுதான் மூடியைத் திறந்ததும் தானா கையில ஏறி உக்காந்துச்சு. அவ்வளவு சாது. அதான் அதை முதல்ல போட்டுட்டேன்."

போனை என் வீட்டுக்காரர் காதில் வைத்து அழுத்தினேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். "இவர் கேக்கணும்."