ஒரு வட்டத்தில் விற்றுப்போன இல்லம்

நவம்பர் மாதத்து இடைக்காலத் தேர்தல் முடிந்த மறுநாள் காலை, எங்கள் ஊர்ச் சிற்றுண்டிக்கடையில் இருந்தோர் அனைவரும் வாஷிங்டனைப் பற்றியே பேசினர். அதிபரின் கட்சி நாடாளுமன்ற அவையில் தன் பெரும்பான்மையை இழந்திருந்தது. வென்ற கட்சியார் இரண்டாவது தட்டு முட்டைக்குச் சொல்லி அனுப்பினர். தோற்ற கட்சியார் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போயினர். அதே தேர்தலில், எங்கள் மாவட்டமாகிய கவுண்டியை ஆளும் வாரியமும் கைமாறிவிட்டது என்பதைக் குறித்து அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐந்தே உறுப்பினரைக் கொண்ட சிறு வாரியம் அது. மூன்றுக்கு இரண்டு என்று ஒரு பக்கம் இருந்த பலம், இரண்டுக்கு மூன்று என்று மறுபக்கம் சாய்ந்தது. சாய்ந்ததற்குக் காரணம் ஒரே இடந்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக உறுப்பினராயிருந்த ரோசலிண்ட் ட்ரெவாரோ என்னும் தீவனக்கடைக்காரர், பனிமேல் ஓடும் பனிவண்டி விற்கும் கர்ட் லிண்ட்ஹோம் என்பவரிடம் பதினோரு வாக்கில் தோற்றார். எங்கள் வார இதழ் நின்றுபோய் இரண்டாண்டு ஆகியிருந்தமையால், அச்செய்தி நீதிமன்றக் கதவில் ஒட்டிய ஒரு தாளோடு முடிந்துபோயிற்று.

அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது சனவரியில். புதிய வாரியம் எடுத்துக்கொண்ட முதற்காரியம், கவுண்டியின் பராமரிப்பு இல்லத்தைத் தெற்கேயுள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்பது. அறுபத்து நான்கு படுக்கைகள் உடைய இல்லம் அது. அங்கே எய்னோ கங்காஸின் மனைவி லோர்னா மூன்றாண்டுகளாக இருந்துவந்தார். பக்கவாதத்தால் வலப்புறம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டே வரும். எய்னோ, இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். நாள்தோறும் நண்பகலில் இல்லத்துக்குச் சென்று மனைவிக்குத் தம் கையால் ஊட்டிவிட்டு வருவார். அரசின் உதவித்தொகையில் தங்கியிருப்போரை விற்பனைக்குப் பின் வைத்துக்கொள்ள இயலாமற் போகலாம் என்று நிறுவனத்தின் கடிதம் பணிவாகத் தெரிவித்தது. லோர்னாவும் அவர்களுள் ஒருவர். அடுத்த இல்லம் தொண்ணூற்றைந்து மைல் தொலைவில். குளிர்காலத்தில் அந்தச் சாலை பாதி நாள் மூடிக்கிடக்கும்.

கடிதம் கிடைத்த அன்றே எய்னோ தீவனக்கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கே பறவைத்தீனி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"ரோஸ், இந்தக் கடுதாசியப் பாத்தியா? விக்கப் போறானுங்களாம். நீ போயி ஒரு சத்தம் போடும்மா."

"நான் எங்க போயி சத்தம் போடறது? நான் இப்ப மெம்பரா? கோழித்தீவனம் விக்கிறவ."

"தெரியும், தெரியும். நன்றி கெட்ட ஊரு இது. பன்னெண்டு வருஷம் நாயா ஒழச்சவள வீட்டுக்கு அனுப்பிட்டு, பனிவண்டி விக்கிறவனக் கொண்டாந்து உக்கார வச்சானுங்க பாரு. எவன் உனக்குப் போடலையோ அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

ரோசலிண்ட் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"நீங்க போட்டீங்களா?"

"நான் உன் பக்கமே வரலியே. பெட்ரோலு விக்கிற வெலைக்கு அந்த அதிபருக்குப் புத்தி வரட்டும்னு மேல இருந்த வட்டத்த மட்டும் கறுப்பாக்கினேன். கீழ இருந்ததெல்லாம் சும்மா விட்டுட்டேன். அப்புறம் சீட்டத் திருப்பி, இல்லத்துக்கு வரி குடுக்கச் சம்மதமான்னு கேட்டிருந்துச்சுல்ல, அதுக்குச் சரின்னு போட்டேன். உனக்கும் போடல, அவனுக்கும் போடல. நடுநிலைமை."

"மேல இருந்த வட்டம்."

"ஆமா."

"கட்சிப் பேரு போட்டு இருந்துச்சே, அது."

"அதேதான். வாஷிங்டனுக்குள்ளது."

ரோசலிண்ட் ஊசியை மூட்டையிலேயே குத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வரல."

தேர்தல் நாளில் வாக்குச்சீட்டு வழங்கும் மேசையில் இருந்தவர்களுள் நானும் ஒருத்தி. எய்னோ சீட்டை வாங்கிய கையோடு முடித்து, இயந்திரத்தில் செலுத்திவிட்டுப் போனது நினைவிருந்தது. நான் இயன்றவரை மெல்லச் சொன்னேன். உச்சியில் உள்ள அந்த ஒரு வட்டத்தை நிரப்பினால், ஆளுநர் முதல் கவுண்டி வாரிய உறுப்பினர் வரை அக்கட்சியார் அனைவருக்கும் ஒரே முறையில் வாக்கு விழுந்துவிடும். வேறொருவர் பெயரைத் தனியே குறித்தாலொழிய அது மாறாது. சீட்டிலேயே மூன்று வரியில் அச்சிட்டிருக்கிறது, என்றேன்.

"அப்ப லிண்ட்ஹோமுக்கு நான் போட்டிருக்கேனா?"

"போட்டிருக்கீங்க."

"அவன் பேரக்கூட நான் படிக்கலையே."

"படிக்காமயே போடறதுக்குத்தான் அந்த வட்டம்."

எய்னோவின் முகம் சிவந்தது. கோபம் முதலில் என்மேல்தான் வந்தது. "நீங்க அங்கதான குந்தியிருந்தீங்க. ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிருப்பீங்க?"

"சொல்லக் கூடாது எய்னோ. சொன்னா என்னைய எழுப்பி வெளிய அனுப்பிடுவாங்க."

"நல்ல சட்டம். பள்ளத்துல விழுறவனப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்."

ரோசலிண்ட் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பதினோரு ஓட்டு," என்றார். "யாரு யாருன்னு ரெண்டு மாசமா ராத்தூக்கம் இல்லாம யோசிச்சேன். எனக்கு ஆகாதவங்களையா நெனச்சு நெனச்சுத் திட்டினேன். லோர்னா படுக்கைக்கு மேல கூரை ஒழுகுதுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே ஆள் அனுப்பினேனே, உங்க மேல எனக்குச் சந்தேகமே வரல. நீங்க கெளம்புங்க. கடையில வேல கெடக்கு."

விற்பனையைப் பற்றிய கூட்டத்தை வாரியம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பத்து மணிக்கு வைத்திருந்தது. உழைத்துப் பிழைப்போர் எவரும் வரவியலாத நேரம் அது. ஆயினும் கூடம் நிரம்பிச் சுவரோரமும் ஆட்கள் நின்றனர். சுரங்கத்தில் அரைநாள் ஊதியத்தை விட்டு வந்தவர்களும் இருந்தனர். பேச விரும்புவோர் சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒலிபெருக்கியருகே சிறு விளக்கொன்று பச்சையாய்த் தொடங்கி, மஞ்சளாகி, சிவப்பில் முடியும்.

பலர் பேசினர். தாயை அங்கே வைத்திருப்பவர் ஒருவர் பேசினார். சமையற்கட்டில் இருபதாண்டு வேலை பார்த்தவர் ஒருவர், பேச வந்ததை மறந்து வெறுமனே நின்று, சிவப்பு வந்ததும் திரும்பிப்போனார். லிண்ட்ஹோம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர்த் தம் முறை வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நவம்பர்ல ஜனங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. பழைய ஆளுங்க வேணாம், மாத்தம் வேணும்னு கேட்டாங்க. அவங்க கேட்டதத்தான் நாங்க செய்றோம்."

எய்னோவின் பெயர் அடுத்ததாக அழைக்கப்பட்டது. அவர் ஒலிபெருக்கியின் கழுத்தைப் பிடித்துத் தம் உயரத்துக்கு இழுத்தார்.

"உன் தீர்ப்புல ஒரு ஓட்டு என்னோடது. அதனால எனக்குப் பேச உரிமை இருக்கு. உன் பேரு எனக்குத் தெரியாது. நீ நெட்டையா குட்டையான்னு தெரியாது. பெட்ரோல் வெலக்காக நான் ஒரு வட்டத்த அடச்சேன். அத எடுத்துட்டு வந்து, என் பொண்டாட்டி படுக்கைய விக்கிறதுக்கு நான் சம்மதம் குடுத்தேங்கிற."

"மிஸ்டர் கங்காஸ்," என்றார் வாரியத் தலைவர், "உறுப்பினர மரியாதையாப் பேசுங்க."

"பேசறேன். ஐயா, அதே சீட்டுக்கு மறுபக்கம்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல இல்லத்தோட பேரப் போட்டு, இதுக்கு இன்னும் ஆறு வருஷம் வரி கட்டுறியான்னு கேட்டிருந்தாங்க. நூத்துக்கு அறுபத்தெட்டு பேரு கட்டுறோம்னு சொன்னோம். அது தீர்ப்பு இல்லையா? முன்பக்கம் மட்டுந்தான் உங்களுக்குப் படிக்க வந்துச்சா?"

கூடத்தில் சிரிப்பெழுந்தது. அது மகிழ்ச்சிச் சிரிப்பன்று. லிண்ட்ஹோமின் காதுகள் சிவந்தன.

"ஓட்டப் போட்டுட்டு, நான் இதுக்குப் போடல அதுக்குப் போட்டேன்னு இப்ப வந்து சொன்னா என்ன அர்த்தம்? நீங்க பாக்காமப் போட்டது என் தப்பா?"

"இல்ல. அது என் தப்பு. இத்தன பேருக்கு முன்னால ஒத்துக்கிட்டேன். நீங்க பாத்துக்கிட்டே விக்கிறீங்களே, அது யாரு தப்பு?"

விளக்குச் சிவந்தது. எய்னோ நகரவில்லை. அப்போது பின்வரிசையில் நின்ற பெண்மணி ஒருவர், யாரும் அழைக்காமலே, "நானும் மேல் வட்டந்தான்," என்றார். "அது ரோஸுக்கும் சேத்து விழும்னு நெனச்சேன்." அவருக்கு அப்பால் நின்ற மரக்கடைக்காரர் தரையைப் பார்த்தபடி கையை உயர்த்தினார். தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டினார், இன்னும் இருவர் கைகள் உயர்ந்தன, மறுபடி தட்டினார். பெயர் எழுதிக் கொடுக்காதோர் பேசியது குறிப்பில் ஏறாது என்று எழுத்தருக்குச் சொன்னார்.

வாக்கெடுப்பு அரை நிமிடத்தில் முடிந்தது. மூன்றுக்கு இரண்டு. இல்லம் விற்கப்பட்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வர மே மாதம் ஆகும் என்று தலைவர் அறிவித்துவிட்டு, சாலைப் பனியகற்றும் உப்பைப் பற்றிய அடுத்த பொருளுக்குப் போனார். அந்த ஒரு செயலில் எனக்கு உண்டான சினம், முன் நடந்த அனைத்தினும் பெரிது. அறுபத்து நான்கு பேரின் இருப்பிடத்தைப் பறித்த வாய், மூச்சுக்கூட வாங்காமல், உப்பின் எடையைப் படித்தது.

வெளியே, தம் வண்டியின் முகப்பில் ரோசலிண்ட் தாள்களை விரித்து வைத்திருந்தார். விற்பனையை மக்கள் வாக்குக்கு விடக் கோரும் மனு. ஆயிரத்து இருநூறு கையெழுத்து வேண்டும். எய்னோ பேனாவுக்குக் கை நீட்டினார்.

"மொதக் கையெழுத்து உங்களோடதா இருக்க வேணாம்," என்றார் ரோசலிண்ட்.

"சரி. எத்தனாவதுன்னாலும் சரி. மணி பன்னெண்டாகுது, அவளுக்குச் சாப்பாடு வந்திருக்கும். போயி எப்பிடிச் சொல்லப் போறேன்னு தெரியல. நீயும் கூட வா, ரோஸ். உனக்கு என்மேல உள்ள கோவம் அப்பிடியே இருக்கட்டும். அவளுக்காக வா."

ரோசலிண்ட் தாள்களைத் திரட்டிக்கொண்டார். நானும் உடன் சென்றேன்.

லோர்னா சக்கர நாற்காலியில் சாளரத்தருகே இருந்தார். முன்னால் தட்டில் உருளைக்கிழங்கு மசியலும் இறைச்சிக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. எய்னோ கரண்டியைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்ரோல் விலையையும் சொன்னார், வட்டத்தையும் சொன்னார், பதினோரு வாக்கையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

 கேட்டு முடித்தபின் லோர்னாவின் வாய் சொல்லுக்காக நெடுநேரம் முயன்றது.

"என்... ஓட்டு?"

எய்னோவுக்கு முதலில் விளங்கவில்லை.

"என்... ஓட்டு... எங்க?"

"தபால் ஓட்டுக்குத் தாள் வந்துச்சு," என்றார் எய்னோ. "வீட்டுக்குத்தான் வந்துச்சு. உனக்கு எதுக்குச் செரமம்னு நானே... எடுத்து வச்சிட்டேன்."

"செரமம்," என்றார் லோர்னா.

ரோசலிண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோர்னா இடக்கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். கணவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னைய... கேட்டியா?"

 வாரியத்தின் முன் நெஞ்சை நிமிர்த்தி மூன்று நிமிடம் பேசிய மனிதர், அங்கே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லோர்னா கையைத் தாள்களின் பக்கம் நீட்டினார். ரோசலிண்ட் தட்டை நகர்த்திவிட்டு மனுவை வைத்தார். இடக்கையால் எழுதிப் பழகாதவர். எழுத்துகள் கோட்டை விட்டு மேலேறின. ஒரு முறை பேனா வழுக்கியது. எய்னோ பிடித்துக்கொள்ளக் குனிந்தபோது லோர்னா முழங்கையால் தள்ளிவிட்டார். பெயர் முழுவதையும் அவரே எழுதினார். முதற்கோட்டில் நின்ற பெயர் அதுதான்.

"ஆச்சு," என்றார் எய்னோ. "கொழம்பு ஆறுது. கொஞ்சம் சாப்பிடு."

லோர்னா நடைக்கூடத்தை நோக்கித் தலையை அசைத்தார். இருமருங்கும் கதவுகள் பாதி திறந்திருந்தன. ஏதோ ஓர் அறையில் தொலைக்காட்சி வாஷிங்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"அவங்களயும்... யாரும்... கேக்கல."

"சாப்பிட்டுட்டுப் போலாமே."

லோர்னா மனுவை மடியில் வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"தள்ளு," என்றார்.

எய்னோ நாற்காலியின் பின்னே சென்று தள்ளினார்.