வெள்ளை அடிக்காத பங்கு

சிப்பிக்கோட்டையின் மதில் வருடத்துக்கு ஒரு முழம் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. அது முதலில் அல்பேட்டின் கக்கூசை எடுத்தது, சில வருடம் கழித்துச் சமைக்கிற குசினியை எடுத்தது, இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, விறாந்தையில் இருந்து வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அல்பேட்டையும் எடுத்துக்கொண்டது. ஊரார் கோட்டை வாசலால் வெளியே ஓடிச் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுமில்லை, ஆளுமில்லை. வெறும் உப்புத் தரை, அதற்கப்பால் களப்பு, களப்பில் நான்கைந்து நாரைகள். திரும்பி உள்ளே வந்து மதிலில் காதை வைத்தால் அல்பேட் இருமுவது தெளிவாகக் கேட்டது. கூடவே நம் பக்கத்தில் எங்கும் இல்லாத ஒரு தேவாலய மணியும், தண்டவாளத்தில் சக்கரம் உரசுகிற சத்தமும் கேட்டன. அல்பேட்டின் இரண்டு ஆண்மக்களும் இத்தாலியில் இருந்தார்கள், அவருக்கும் பல வருடமாகப் பேச்சும் நினைப்பும் அங்கேதான். கூப்பிட்டால் பதில் சொன்னார். சுகமாக இருப்பதாகவும், கடுங்குளிர் என்றும், தெருவில் ஒருவரையும் காணவில்லை என்றும் சொன்னார். அந்த இடத்து மதில் நடு வெயிலிலும் சில்லென்று கிடந்தது. முதல் கிழமை அந்தத் தெருவால் ஒருவரும் போகவில்லை. இரண்டாம் கிழமை ஒருத்தி மீன்சட்டியைக் கொண்டுபோய் மதிலடியில் வைத்துப் பார்த்தாள். மூன்று நாளாகியும் மீன் கெடவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சட்டி வைக்க இடம் பிடிப்பதுதான் பெரிய சண்டையாக இருந்தது.

குறிஞ்சிப்பிட்டியும் எத்தாளையும் தாண்டி, மணல் முனையின் நுனியில் இருக்கிறது சிப்பிக்கோட்டை. வரைபடத்தில் அதைக் காண முடியாது, ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பஸ் போகிறது. போத்துக்கேயர் கட்டியதென்பார்கள், ஒல்லாந்தர் கட்டியதென்பார்கள், இரண்டும் வீண் பெருமை. அவர்கள் வரும்போதே மதில் நின்றது. முருகைக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்ந்த மதில், இரண்டு ஆள் உயரம், நான்கு வாசல். ஒரு காலத்தில் உள்ளே தொள்ளாயிரம் வீடுகள் இருந்தன என்கிறார்கள். இந்தக் கதை நடந்த வருடம் நூற்றுப் பதின்மூன்று இருந்தன, வாசல்களில் ஒன்றுதான் திறந்திருந்தது. மதில் நகர்வதைப் பற்றி முறைப்பாடு செய்தபோது ஓர் அதிகாரி நாடாவோடு வந்து அளந்தார். ஊரின் பரப்பளவு பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை, அதற்கான காரணத்தை ஊரவர் எழுத்தில் தர வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் பின்னேர பஸ்சில் போய்விட்டார். கடல் அரிக்கிறது என்று சிலர் சொன்னார்கள், ஜின் என்று சிலர், ஊரின் பாவம் என்று மிச்சப்பேர். எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் படுக்கையை மதிலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோன்புக்கு முந்திய மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் மதிலின் உள்பக்கத்தில் தன் பங்குக்கு வெள்ளை அடிக்கும். முஸ்லிம், கத்தோலிக்கர் என்ற பேதம் அதில் இல்லை. பங்கு தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும், பள்ளிவாசல் மோதினாரின் கொப்பியில் பெயர் ஏறும், கொப்பியில் பெயருள்ளவன் ஊரான். தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் வைத்திருந்தவர்கள் போகச் சொல்லி மன்னாரிலிருந்து முஸ்லிம் சனம் வள்ளங்களில் வந்து இறங்கியபோது, அப்போதைய மோதினார் தெற்கு மதிலில் அறுபது முழத்தைக் காட்டி, இது உங்கள் பங்கு, அடியுங்கள் என்றார். வந்தவர்களில் வாய்ப்பேச்சுத் தெரிந்தவர் எருக்கலம்பிட்டிக்காரர் முத்தலிபு. முப்பத்தாறு வயது, கையில் இரண்டு வயது மகள், பக்கத்தில் பெண்சாதி ஜுனைதா. அவர் மிகுந்த மரியாதையோடு மறுத்தார். மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம், இருக்க இடம் தந்தவர்களின் பங்கையும் எடுப்பது நியாயமில்லை என்றார். நல்ல மனிதர்கள் என்று ஊர் மெச்சியது. மூன்று மாதம் முப்பத்து நான்கு வருடமானது. தெற்குப் பங்கில் ஒரு தடவைகூடச் சுண்ணாம்பு ஏறவில்லை. அவர்கள் வோட்டுப் போட மன்னாருக்கு பஸ்சில் போனார்கள், பிள்ளைகளைச் சிப்பிக்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள், யார் கேட்டாலும் தற்காலிகம் என்றார்கள்.

மதில் நகர்வதை முதலில் கணக்கில் பிடித்தவள் ஜுனைதா. அவள் கருவாடு போடுகிறவள். வீட்டுக்குப் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் இடையில் ஏழு பாய் விரித்து மீன் காயவைத்த இடத்தில் பிறகு ஆறு பாய்தான் விரிந்தது, பிறகு நாலு. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஒரு பாய்க்கும் இடமில்லை. மதில் வீட்டுப் பின்சுவரைத் தொட்டது, சுவர் இடியவில்லை, சத்தமும் வரவில்லை. ஒருநாள் காலையில் பின்சுவர் இருந்த இடத்தில் கறுத்த பழைய மதில் நின்றது, அவ்வளவுதான். அந்த அறையில்தான் முத்தலிபு கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வருடம். கட்டிலுக்கும் மதிலுக்கும் இடையில் ஜுனைதா தினமும் சாண் வைத்துப் பார்த்தாள். ஐந்து சாண், நாலு சாண், இரண்டரைச் சாண். பயத்தில் தொழுகையில் ஓதுகிற சூறாவை மறந்து மறந்து திரும்பத் தொடங்கினாள். பகலில் அவர் கண்ணயர்ந்தால், தூங்குகிறாரா, மதில் எடுத்துவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

கட்டிலை முன்னறைக்கு மாற்றுவோம் என்று அவளும் மகள் மபாஸாவும் கெஞ்சிப் பார்த்தார்கள். மபாஸாவின் வீடு அடுத்த வளவு, புருஷன் கட்டாரில், மூன்று பிள்ளைகள். ஒருநாள் இருவருமாகக் கட்டிலைத் தூக்கவே தூக்கினார்கள். முத்தலிபு கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், நகம் பெயர்ந்து இரத்தம் வந்தும் விடவில்லை.

"ஒருக்கா எழும்பச் சொன்னாங்க, எழும்பினன். ரெண்டாந்தரம் எழும்ப மாட்டன்," என்றார்.

பிறகு அவரை யாரும் தொடவில்லை. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அவர் தன் ஊரைப் பார்க்க மன்னாருக்குப் போய் வந்தவர். வீட்டுக்குக் கூரையில்லை, குசினிக்குள் வேப்பமரம் ஒன்று நின்றது என்று கூடப் போனவர்கள்தான் சொன்னார்கள். அவர் அடுத்த வருடம் போவோம் என்றார், கட்டிலுக்கடியில் இருந்த றங்குப்பெட்டியை வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்கினார். அதன் பிறகு ஜுனைதாவும் கேட்கவில்லை. அவளுக்கு ஊர் என்றால் ஒரேயொரு நினைப்புத்தான். புறப்படும்போது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, கஞ்சி வடிக்கவில்லை. நகையையும் காணியையும் விட்டு வந்ததை நினைத்து மற்றவர்கள் அழுதார்கள். இவள் முப்பத்து நான்கு வருடமும் அந்தப் பானை கரிந்திருக்கும் என்று நினைத்து அழுதாள்.

இரண்டு சாண் ஆனபோது அவள் வீட்டில் இருக்க முடியாமல் மதிலோரமாக நடந்தாள். ஊரை முழுக்கச் சுற்றினாள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் யாரும் பார்க்காத ஒன்றை அன்று பார்த்தாள், ஏனென்றால் தன் பங்கை அடிக்கிறவன் அடுத்தவன் பங்கைப் பார்ப்பதில்லை. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் மதில் பழைய இடத்திலேயே நேராக நின்றது. கறுத்துக் கிடந்த இடமெல்லாம் வயிறு தள்ளி உள்ளே வந்திருந்தது. அல்பேட் கடைசி ஏழெட்டு வருடம் பங்கு அடிக்கவில்லை, மகன்மார் கூப்பிட்டதும் போகப்போகிறவன் எதற்கு அடிப்பது என்றிருந்தவர். லண்டன் போனவர்களின் பங்கும் அப்படியே. இப்போதைய மோதினார் ஃபாஹிம் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பெயராக அவளோடு சரிபார்த்தார். தெற்கு மதிலின் அறுபது முழத்துக்கு நேரே கொப்பியில் ஒரு பெயரும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. மதில் யாரையும் பலவந்தப்படுத்தவில்லை என்று அப்போதுதான் ஜுனைதாவுக்கு விளங்கியது. தாங்கள் போகப்போகிறவர்கள் என்று மரியாதையாகச் சொன்னதை அது மரியாதையாக நம்பியிருந்தது.

முத்தலிபுவிடம் சொன்னாள். வெள்ளை அடித்தால் வந்த இடம் நம் இடமாகிவிடும், பிறகு எந்த முகத்தோடு ஊருக்குப் போவது என்று அவர் கேட்டார். அவள் வியாழக்கிழமை சூளைக்குப் போய் அரை மூட்டைச் சிப்பிச் சுண்ணாம்பு எடுத்து வந்தாள், மபாஸாவின் வளவில் தண்ணீர் ஊற்றி நீற்றிவைத்தாள், தேங்காய்ப் பொச்சைத் தட்டித் தூரிகை செய்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து புருஷன் சொல்லை மீறி அவள் செய்த முதல் காரியம் அதுதான். ஆண்களெல்லாம் ஜும்மாவுக்குப் போய்த் தெரு வெறிச்சிட்டுக் கிடந்த வெள்ளிக்கிழமை பகலில், அவர் கண்ணயர்ந்திருப்பார் என்று எண்ணி, வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னறை இல்லை. மிச்சமிருந்த இரண்டு சாணையும் கட்டிலையும் ஒரேயடியாகத் தாண்டி வந்து நடு அறையிலேயே மதில் நின்றது. பின்னறை வாசலில் தொங்கிய சீலையின் பாதி இந்தப் பக்கம் இருந்தது, மீதி மதிலுக்குள் போயிருந்தது.

வாளி கையிலேயே இருந்தது. அவள் மதிலில் கன்னத்தை வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள், மணலில் வெறுங்காலோடு நடக்கிற சத்தம்.

"மபாஸாட வாப்பா," என்றாள்.

"ஓம், ஜுனைதா," என்றது முத்தலிபுவின் குரல், மிகவும் கிட்டத்தில்.

"நடக்கிறீங்களா?"

"நம்மட வீடுதானே. இங்க எழும்பி நடக்கலாம்."

கூரை இருக்கிறது என்றார். கிணற்றுக் கப்பியில் கயிறு அப்படியே கிடக்கிறது, தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது என்றார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு மனிதப் பூண்டும் இல்லை, ஆடு கோழிகூட இல்லை என்றார், அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. பிறகு சொன்னார்:

"அடுப்புல நீ வெச்ச சோறு இன்னும் கொதிச்சிக்கிட்டுக் கிடக்கு, புள்ள."

ஜுனைதா மதிலடியில் குந்தி இருந்துவிட்டாள். வாளியைக் கவிழ்த்துவிட்டு இப்படியே இருந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் மதில் தன்னையும் எடுத்துவிடும், போய்ப் பானையை இறக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய அளவுக்கு ஆசையாகவும் இருந்தது. அதே நேரத்தில் மதிலிலிருந்து பொடி பொடியாக ஏதோ உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. அடுத்த வளவில் மபாஸாவின் கடைசிப் பிள்ளை எதற்கோ அழுதது, மபாஸா அதட்டினாள். அப்போதுதான் அந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கி ஒன்று கரகரத்தது. தொண்ணூறாம் ஆண்டு கேட்ட அதே குரல். எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், எதையும் எடுக்கக் கூடாது. ஜுனைதாவின் உடம்பு அவளைக் கேட்காமலே எழும்பி நின்றது, பிள்ளையைத் தூக்கக் கை நீண்டது. முப்பத்து நான்கு வருடம் கழித்தும் அந்தக் குரலுக்கு அவள் உடம்பு அடங்கியது.

"வாகனம் வருதா? ஆள் வருதா?" என்று கேட்டாள்.

"ஒருத்தருமில்ல. சத்தம் மட்டுந்தான்." அவர் மூச்சு வாங்கினார். "சுண்ணாம்பு மணக்குது. கொண்டு வந்திட்டியா?"

"ஓம்."

"அடி. நல்லா ரெண்டு பூச்சு அடி. விட்டா மபாஸாட ஊட்டையும் கொண்டு வந்துரும். அவளுக்கு இங்க ஆரத் தெரியும்?"

அவள் அடித்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, மறு கையால் அடித்தாள். சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்றது. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தப் பக்கத்துச் சத்தம் கொஞ்சம் தூரமாகியது. பூசி மறைத்தால் ஒரேயடியாகக் கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்தி, மதிலில் வாயை வைத்துக் கேட்டாள்:

"கஞ்சி வடிச்சீங்களா?"

"வடிக்கிறன், வடிக்கிறன்," என்றார் முத்தலிபு. கதவு சாத்துகிற சத்தமும், உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. ஒலிபெருக்கி இன்னும் கொஞ்ச நேரம் கத்தி ஓய்ந்தது.

ஜும்மா முடிந்து வந்த சனம் வாசலில் நின்று பார்த்தது. மறுநாள் மன்னார்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வாளியோடு வந்தன, ஐந்து நாளில் அறுபது முழமும் வெள்ளையானது. அடிக்கும்போது சிலர் விம்மி அழுதார்கள், ஃபாஹிம் அதைக் காணாதது போல் கொப்பியில் பெயர்களை எழுதினார். தெற்குப் பங்கு, முதல் நாலு முழம், ஜுனைதா. தற்காலிகம் என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. அன்றிலிருந்து மதில் ஒரு விரலும் நகரவில்லை. அவளும் நோன்புக்கு முந்திய மாதத்தில் தவறாமல் அடிக்கிறாள், சீலையின் பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலும் அடிக்கிறாள்.

முத்தலிபு நலமாக இருக்கிறார். பகலில் பீங்கான் கோப்பை வைக்கிற சத்தம் கேட்கும், கை கழுவிய தண்ணீர் மதிலடியால் கசிந்து நடு அறைக்குள் வரும், ஜுனைதா பாயைத் தள்ளிப் போடுவாள். பானை குறைவதே இல்லை என்கிறார். பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன் ஒவ்வொரு நாளும் அந்த ஒலிபெருக்கி வெளியேறச் சொல்கிறது. ஆரம்பத்தில் ஊர்ப் பிள்ளைகள் அழுதார்கள், நாய்கள் ஊளையிட்டன. இப்போது அதைக் கேட்டுத்தான் சிப்பிக்கோட்டையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். ஜுனைதா மட்டும் அந்த நேரத்தில் செய்கிற வேலையை விட்டுவிட்டு மதிலருகே வந்து நிற்பாள், உடம்பு நடுங்கும். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டதும், மபாஸாவின் வளவில் காய்கிற கருவாட்டைக் கூட்டி அள்ளப் போவாள்.