ஆறாவது பெட்டி

உங்களுக்கெல்லாம் இடுப்பில் அஞ்சு எலும்பு, எனக்கு ஆறு. கூடங்குளத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி வரைக்கும் அத்தனை பேரையும் குப்புறப் படுக்கப்போட்டு எண்ணினாலும் இப்படியொரு முதுகு கிடைக்காது. அதையும் எந்த டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை. ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையரான அருளப்பன், அதாவது நானே, ஆபரேஷன் கவுனோடு உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

நம்பமாட்டீர்கள். அப்பாத்துரையும் நம்பவில்லை. பன்னிரண்டு வருஷம் செங்கோட்டைப் பாசஞ்சரில் அவன் இன்ஜின் டிரைவர், நான் கடைசிப் பெட்டியில் கார்டு. கல்லிடைக்குறிச்சியில் தண்டவாளத்தில் கூடை கவிழ்ந்து, பதினெட்டாயிரம் அப்பளம் நொறுங்கிய சத்தத்துக்குப் பாபநாசம் மலையில் எதிரொலி கேட்டதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறு மாசமாக என் இடது கால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் மார்க்கெட் வரை போயிருக்கிறேன். பிறகு அந்த நடையும் போயிற்று. படுக்க வைத்து எடுத்த ஸ்கேனைவிட, நின்று குனியச் சொல்லி எடுத்த எக்ஸ்ரேயில்தான் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தேய்மானத்தில் ஓர் எலும்பு தனக்குக் கீழ் எலும்பை விட்டு முன்னால் வழுக்கி நின்றது. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் என்றது ரிப்போர்ட்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பைத் தூக்கிக் காட்டினார். "மொத்தம் அஞ்சு. அப்ப கீழேயிருந்து எண்ணினா ரெண்டாவது இணைப்பு. அங்கதான் ஸ்க்ரூ போடப்போறோம்."

பயத்தை மறைக்க நான் அப்பளக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். சாயங்காலத்துக்குள் வார்டே சிரித்தது.

ஆபரேஷனன்று காலை துணைக்கு அப்பாத்துரை வந்திருந்தான். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கார்டு பின்னாலிருந்துதானே எண்ணுவான்? அடியிலிருக்கும் இடுப்புக் கட்டையை என் கார்டு வேனாக, அதாவது கடைசிப் பெட்டியாக, வைத்து மேலே எண்ணினேன். வழுக்கிய இடம் மூன்றாவது இணைப்பு. திரும்ப எண்ணினேன். மூன்றேதான்.

"அப்பாத்துரை, டாக்டர் ரெண்டுன்னாரு. மூணு வருது வே."

"பயத்துல ஒமக்கு ரெண்டு மூணாத் தெரியுது. இங்கன கொடும்."

அவன் டிரைவர், முன்னாலிருந்து எண்ணினான். விலா ஒட்டிய கடைசி எலும்பு அவனுக்கு இன்ஜின். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான். ரிப்போர்ட்டு சரி. சும்மா கெடயும்."

"அஞ்சுக்குப் பொறத்தால என்ன நிக்கி?"

"ஒம்ம வேன்."

"நல்லாப் பாரும். நடுவுல இன்னொரு பெட்டி."

அவன் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் ஜாய்சி சக்கர நாற்காலியோடு வந்துவிட்டாள்.

"சிஸ்டர், எனக்கு எலும்பு ஆறு. டாக்டர் தப்பான இடத்தைத் திறந்திருவாரு."

"அப்பளம் முடிஞ்சு எலும்பா அண்ணாச்சி?" என்று தள்ளிக்கொண்டு போனாள்.

வழியெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பொய்க்குரலாகக் கேட்டது. நல்ல இணைப்பைத் திறந்து, கெட்டதை அப்படியே விட்டுத் தைத்துவிட்டால்? இந்தக் கால் அவ்வளவுதான். வராந்தா திரும்பும் முன் வார்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாத்துரை ஜன்னலைவிட்டு நகரவில்லை; விரல் மட்டும் படத்தின் மேல் போய் வந்தது.

தியேட்டர் வாசலில் டாக்டர் நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் சிரிக்கத் தயாரானார்.

"நிறுத்துங்க சார்!"

மூச்சிரைக்க அப்பாத்துரை வந்தான். படத்தைத் தூக்கிப் பிடித்து மேலேயிருந்து ஒரு தடவை, கீழேயிருந்து ஒரு தடவை எண்ணிக் காட்டினான். டாக்டர் தானும் எண்ணினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "சிஸ்டர், தியேட்டர்ல நிறுத்தச் சொல்லுங்க. விலா முழுசாத் தெரியற மாதிரி இன்னொரு படம் எடுக்கணும்," என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எதுக்கு எண்ணிப் பார்த்தீங்க?" என்று அவனைக் கேட்டார்.

"இவரு பொய்யினு காட்டத்தான் சார் எண்ணினேன். எட்டுத் தடவை," என்றான் அப்பாத்துரை. "ஆறுதான் வருது."