யாரிடமும் சொல்லவில்லை

இடது பக்கம் திரும்பிப் படுத்தால் காதுக்குள் கேட்டது. வலது பக்கம் திரும்பினால் தொண்டையில் தெரிந்தது. மல்லாந்து படுத்தால், வயிற்றின் மேல் போர்த்தியிருந்த துணி துடிப்புக்குத் துடிப்பு அசைவது கண்ணுக்கே தெரிந்தது. ஐம்பத்தோரு வருடம் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்த இதயம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்து நாளாக, பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பதுபோல விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்து காத்திருந்தே அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அவள் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். பதினாறு வருட சர்வீஸ். குறுக்கே நாய் வந்தாலும் நிறுத்துவாள், காகிதம் பறந்து வந்தாலும் நிறுத்துவாள். அதனால் ஷெட்டில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். மாரடைப்பு வந்த காலையில் பஸ்ஸில் இருபத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். தோளிலிருந்து தாடை வரை இழுத்தபோது, வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைப் பிடுங்கி, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெண்ணிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தாள்.

இப்போது எல்லாரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள். கோபப்படாதே. நர்ஸ் சொன்னாள், நாத்தனார் போன் போட்டுச் சொன்னாள், கணவர் வேளைக்கு வேளை மாத்திரையோடு சேர்த்துச் சொன்னார். கோபப்பட ஒரு காரணமும் இல்லாத நாளிலேயே இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

காரணம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. பஸ் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார்.

“உடம்பு எப்படிக்கா இருக்கு?”

“பரவால்ல. சொல்லுங்க சார்.”

“லீவுக்கு நீங்க குடுத்த ஆஸ்பத்திரி பேப்பரை மேல பார்த்தாங்க. அஞ்சு நாளா நெஞ்சு வலி இருந்தும் யார்கிட்டயும் சொல்லாம வண்டி ஓட்டியிருக்கீங்கன்னு அதுல இருக்கு. புள்ளைங்க விஷயம் பாருங்க. பெத்தவங்க கேட்டா நாங்க என்ன சொல்றது? உங்களை நிறுத்திடலாம்னு பேசிக்கிறாங்க.”

“யார்கிட்டயும் சொல்லலைன்னு யாரு சொன்னது?”

“பேப்பர்ல இருக்குக்கா.”

மகள் அலமாரியிலிருந்து டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்து வந்தாள். ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். விரலை வைத்து வரி வரியாகத் தேடி, ஓர் இடத்தில் நிறுத்தி, தமிழில் சொன்னாள். “அஞ்சு நாளா நெஞ்சுல அழுத்தம். நோயாளி யாரிடமும் சொல்லவில்லை. தகவல் கொடுத்தவர், கணவர்.”

ஆனால் வலி வந்த முதல் நாள் சாயங்காலமே அவள் சொல்லியிருந்தாள். கணவரிடம்தான் சொன்னாள். அவர் மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். தெருவில் பாதி கேலியாக அவரை ‘டாக்டர்’ என்பார்கள். அவர் அதை முழுதாகவே எடுத்துக்கொண்டார். இது வாயு, எனக்குத் தெரியாதா என்று ஒரு சிரப் கொண்டுவந்தார். மறுநாள் மாத்திரை. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாமா என்று அவள் கேட்டபோது சிரித்தார். நெஞ்செரிச்சலுக்கு ஈசிஜி எடுக்கிற ஆள் நீ ஒருத்திதான் என்றார். நான்காம் நாள் லீவு போடப் பார்த்தாள். படுத்தால் வாயு இன்னும் ஏறும், நடமாடு என்றார்.

மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, கோபப்படாதம்மா. பல்ஸ் ஏறிடும்” என்றாள்.

“ஏறட்டும். உங்கப்பா எப்ப வருவாரு?”

“ரெண்டு மணிக்குச் சாப்பிட வருவாரு.”

அவள் படுத்துக்கொண்டாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். காலையில் எழுபத்திரண்டு இருந்தது, இப்போது தொண்ணூற்றாறு. காதில் திமுதிமுவென்று கேட்டது. நேற்றாக இருந்தால் மகளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இன்று பயம் வரவில்லை. அடி, நன்றாக அடி என்றுதான் தோன்றியது.

கணவர் வந்தார். கை கழுவிவிட்டுத் திரும்பியவரிடம் பேப்பரை நீட்டினாள்.

“இதெல்லாம் இப்ப எதுக்கு? படு.”

“தகவல் கொடுத்தவர் கணவர்னு இருக்கு. என்ன தகவல் கொடுத்தீங்க?”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “டாக்டர் வந்ததும் வராததுமா திட்டினாங்க. ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலைன்னாங்க. பக்கத்துல நம்ம கடைக்கு வர்றவங்க ரெண்டு பேர் நின்னாங்க. என்ன செய்யறதுன்னு தெரியல. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்.”

“உங்க வாய்ல வந்தது என் வேலையில வந்து விழுந்திருக்கு.”

“ஒரு வரிதானே, விடு. கோபப்படாத. உடம்புக்கு ஆகாது.”

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை.

“எது உடம்புக்கு ஆகும், எது ஆகாதுன்னு இனிமே நீ எனக்குச் சொல்லாத” என்றாள். குரல் உயரவில்லை. “சிரப்பைக் குடின்ன, குடிச்சேன். நடன்ன, நடந்தேன். நான் செத்திருந்தா இவகிட்டயும் இதைத்தானே சொல்லியிருப்ப? உங்கம்மா வாயே திறக்கலைன்னு.”

“அம்மா உங்ககிட்ட சொன்னாங்களாப்பா?” என்று மகள் கேட்டாள்.

அவர் சாப்பாட்டுத் தட்டை எடுக்கத் திரும்பினார்.

“செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“ஒரு வாய் சாப்பிட்டுட்டு...”

“வந்து சாப்பிடு.”

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. அவர் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். இரண்டு தடவையும் மகள் கூடவே போய்க் கூட்டிவந்தாள். டாக்டர், மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண், மறுபடியும் வலியா என்று கேட்டாள்.

“வலி இல்லீங்க. பேப்பர்ல ஒரு பொய் இருக்கு. சொன்னவரே வந்திருக்காரு.”

அவர் தொண்டையைச் செருமினார். “அவ சொன்னாம்மா. முதல் நாளே சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னும் கேட்டா. நான்தான் வாயுன்னு சொல்லி நிறுத்தி வச்சேன்.”

டாக்டர் பேனாவை எடுத்தாள். என்ன மருந்து, எத்தனை நாள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். பழைய வரியை அடித்து, புதிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

“நூத்தி நாலு இருக்கு. கோபமா இருக்கீங்க.”

“ஆமா.”

“இருங்க. ஆனா மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க.”

புதிய பேப்பரைப் படித்த மேனேஜர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு சோதனை எடுத்து, அதில் தேறினால் மறுபடி பஸ் ஓட்டலாம் என்றார். அதுவரை காலையில் ஷெட்டில் டயரும் லைட்டும் பார்க்கிற வேலை. ஒப்புக்கொண்டாள். மகள் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள்; போகும்போது அப்பாவிடம் வருகிறேன் என்று சொன்னதோடு சரி.

கணவர் இப்போதெல்லாம் கடையிலிருந்து வந்ததும் அரிசியைக் கழுவி உலையில் போடுகிறார், துணி மடிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கட்டிலருகே வந்து நின்றார்.

“இன்னும் கோபமா?”

“ஆமா.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியல. போனா சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சிறிது நேரத்தில் தூங்கிப்போனாள்.