தம்பி அடித்த கம்பி

வலது தோள்பட்டை காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. தோளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஈர மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. நேற்று வேறொரு மைதானத்தில் எர்த் கம்பி அடித்ததன் பலன். ஒயர்மேன் லாரியிலிருந்து கேபிள் சுருளை இடது கையால் இழுத்துத் தள்ளினான்.

"என்னண்ணே, கை மாறிடுச்சு?" என்றான் டிரைவர்.

"வலது கை லீவுல இருக்கு."

"சம்பளத்தோடயா?"

"நம்ம கம்பெனியில ஆளுக்கே கிடையாது, கைக்கு எங்க?"

இன்று தோளுக்குப் பெரிய வேலை இல்லை. இந்த மைதானத்தில் வேலியோரம் அவன் தம்பி அடித்த கம்பி ஏற்கெனவே இருக்கிறது. ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் இரண்டின் இரும்பு உடம்பையும் மண்ணோடு சேர்க்கிற கம்பி அது. எங்காவது ஒயர் தேய்ந்து உடம்பில் கரண்ட் பாய்ந்தால் அது கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டால், தொடுகிற ஆள் வழியாகப் போகும்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பியை அடித்தவன்தான் பிடுங்க வேண்டும். எந்தச் சாய்வில் இறக்கினான், எங்கே கல் தட்டியது என்பதெல்லாம் அவன் கைக்குத்தான் தெரியும். வேறொருவன் கை வைத்தால் கம்பி வளையும், இல்லாவிட்டால் இடுப்பு வளையும். இந்தக் கம்பியைத் தம்பி பிடுங்கவே இல்லை. "அடிக்கடி வர்ற இடம்தானே, கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டான். ஆளுயரக் கம்பியில் நாலு விரல் அளவுதான் தரைக்கு மேலே தெரிந்தது. "அவன் ஒருத்தன்தான்யா யோசிச்சு வேலை செய்யறான், நீயும்தான் இருக்கியே" என்று முதலாளி ஒயர்மேனைப் பார்த்துச் சொல்வார். தம்பி அடித்தது என்பதால் கம்பி மண்ணோடு சரியாகச் சேர்கிறதா என்று இங்கே மீட்டர் வைத்து அளக்கிற பழக்கமும் நின்றுபோயிற்று.

தம்பி போய் இரண்டு மாதம் ஆகிறது. ஈரல் கெட்டுப்போய்ச் செத்தான். ஒயர்மேனுக்கு அழுகை வரவில்லை. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பதுபோலக் கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டான்.

காலையில் கிளம்பும்போது தம்பி பெண்டாட்டி வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்த மைதானத்துல அவரு கம்பி ஒண்ணு இருக்குல்ல. திரும்பி வரும்போது கொண்டாங்க. துணிக் கொடிக்கு ஒரு பக்கம் ஜன்னல் இருக்கு, மறுபக்கம் கட்ட ஒண்ணுமில்ல."

"கம்பெனிக் கம்பியாச்சேம்மா."

"அவரு கை பட்டதுன்னு வேற என்ன இருக்கு? சட்டையெல்லாம் குடுத்தாச்சு."

சரி என்று சொல்லியிருந்தான்.

மேடைக்கு ஒயர் இழுக்கிற வேலை மதியத்துக்குள் முடிந்தது. தம்பியின் கம்பியில் ஒயரை முறுக்கி, கிளாம்பை இறுக்கினான். ஜெனரேட்டரை ஓடவிட்டு, டிரான்ஸ்பார்மரின் மேல் புறங்கையால் தொட்டான். உள்ளங்கையால் தொட்டால் பிடித்து இழுத்துக்கொள்ளும்; புறங்கை என்றால் உதறிவிடும். எறும்பு ஊர்வதுபோல விறுவிறுவென்றது. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் நின்று மறுபடியும் தொட்டான். இந்தத் தடவை முழங்கை வரை வெட்டியது.

இரண்டு மாதமாக அவன் உடம்பில் எதுவும் உறைக்கவில்லை. இது உறைத்தது.

ஜெனரேட்டரை நிறுத்தினான். முதலாளி வந்தார்.

"ஏம்ப்பா நிறுத்தின? அஞ்சு மணிக்கு நிகழ்ச்சி."

"பாடியில கரண்ட் வருது. டிரான்ஸ்பார்மர் கசியுது. கசிஞ்சாலும் கம்பி வாங்கிக்கணும். வாங்கல."

"அவன் அடிச்ச கம்பி. கைராசிக்காரன்பா. தண்ணி ஊத்து, சரியாயிடும்."

இரண்டு குடம் ஊற்றினார்கள். லாரியின் மூலையிலிருந்து மீட்டரைத் தேடி எடுத்து ஒயர்மேன் அளந்தான். ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டியது முந்நூறைத் தாண்டி நின்றது.

"மீட்டர் பழசு" என்றார் முதலாளி.

"கை பழசில்ல. நீங்க தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. மேடையைப் பார்த்தார். மேடை முழுக்க இரும்புக் குழாய். அதன்மேல் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பியைத் தொட்டால் தம்பியின் பேரைத் தொட்டதாகும் என்று ஒயர்மேனுக்குத் தெரியும். கிளாம்பைத் தளர்த்தி ஒயரைக் கழற்றினான். பிறகு குனிந்து பிடித்தான். இடுப்பை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தான். அவ்வளவு பலம் வேண்டியிருக்கவில்லை. முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

முழங்கை நீளம்தான் இருந்தது. அடிமுனையில் ரம்பம் அறுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

முதலாளி வாங்கிப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எத்தனை தரம் இதுல ஓட்டியிருக்கோம்."

"எண்ண வேணாம் மொதலாளி."

ஒயர்மேன் சம்மட்டியை எடுத்தான். லாரியிலிருந்த முழுக் கம்பியை அதே இடத்தில் வைத்து அடித்தான். முழங்கை ஆழத்தில் டங் என்றது. அடியில் பாறை. இரண்டடி தள்ளி அடித்தான், அங்கும் டங். தம்பியும் இப்படித்தான் கேட்டிருப்பான், இதே டங்கை. எவ்வளவு அடித்தும் இறங்காமல், ரம்பத்தை எடுத்து அறுத்து, துண்டைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். மிச்சத்தை எங்கே போட்டானோ. கோபம் வருகிறதா என்று ஒயர்மேன் பார்த்தான். வரவில்லை. தோள்தான் கழன்று விழும்போல இருந்தது.

குழாயடிக்குப் பின்னால் கழிவுநீர் தேங்குகிற இடத்தில் கம்பி இறங்கியது. அடிக்கு அடி உள்ளே போயிற்று. அங்கிருந்து மைதானத்தின் குறுக்கே ஒயரை இழுத்து வந்தான். டிரைவர் பள்ளம் பறித்து மூடிக்கொண்டே வந்தான். மீட்டரில் நான்கு. ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று புறங்கையை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் சரி.

பிள்ளைகள் ஆடினார்கள். கூட்டம் கை தட்டியது. எல்லாம் முடிந்ததும் தான் அடித்த கம்பியைத் தானே பிடுங்கி லாரியில் போட்டான்.

தம்பி வீட்டில் கதவைத் திறந்தவள் அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா மாமா?"

"அங்க பாறைம்மா."

"ஆளுயரம்னு சொல்வாரு."

"சொல்வான்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுத்த முனையில் கட்டைவிரல் ஒரு தரம் நின்றது. "கொடிக்கு எட்டாது. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்று மூலையில் சாத்தி வைத்தாள். ஈரத்துணி ஜன்னல் கம்பியில் குவிந்து கிடந்தது.

அந்த வீட்டுக்கு ஆளுயரத்தில் ஒரு கம்பி பாக்கி இருக்கிறது. தம்பி தர வேண்டியது. இனி ஒயர்மேன்தான் தர வேண்டும். இன்னும் தரவில்லை.